பழைய ஸ்போர்ட்ஸ் காரில் ஹெட்லைட் மங்கலா? பல்பைக் கடைசியாகத் தொடுங்கள்

கேள்வி இதுதான்: குடியாத்தத்தில் 2003 மாடல் ஸ்போர்ட்ஸ் ரகக் கார் ஒன்று. எச்4 பல்பு (டிம் என்கிற லோ பீமும் பிரைட் என்கிற ஹை பீமும் ஒரே பல்பில்). ஹெட்லைட்டின் முன் கண்ணாடி பிளாஸ்டிக், மஞ்சளாகிவிட்டது. ராத்திரியில் பள்ளிகொண்டாவில் நெடுஞ்சாலை ஏறிவிட்டால், எதிர்ப்பக்க லாரிகளின் வெளிச்சத்தில் நம் லைட் எரிகிறதா என்றே தெரியவில்லை. 100/90 வாட் பல்பு போடலாமா, எல்இடி போடலாமா, எச்ஐடி என்கிற செனான் பல்பு போடலாமா? எதையெல்லாம் வீட்டிலேயே செய்துகொள்ளலாம்?

இப்போதைக்கு மூன்றும் வேண்டாம். இருபது வயது தாண்டிய காரில் வெளிச்சம் நான்கு இடங்களில் தொலைகிறது: பல்புக்கு வந்து சேரும் வோல்ட்டேஜ், ஹெட்லைட்டின் முன் கண்ணாடி, உள்ளே இருக்கும் ரிஃப்ளெக்டர், டூம் (பல்பு உட்காரும் ஹெட்லைட் கூடு முழுவதும்) பார்க்கும் கோணம். இந்த நான்கையும் சரிசெய்யாமல் பெரிய பல்பு போட்டால், கெட்ட ஒயரில் கூடுதல் கரன்ட் ஓடி ஹோல்டர் உருகும். நான்கையும் சரிசெய்தபின் அதே 60/55 வாட் பல்பே (ஹை பீம் 60, லோ பீம் 55) போதும் என்று பெரும்பாலானோருக்குத் தோன்றிவிடும். கான்டெஸா, பாலியோ 1.6, ஐகான் 1.6, சிட்டி விடெக் என்று வேகத்துக்காக வாங்கப்பட்டு இன்னும் ஓடுகிற எந்தப் பழைய வண்டிக்கும் இது பொருந்தும்.

வோல்ட்டேஜில் தொடங்குவோம், ஏனென்றால் இங்கேதான் இழப்பு அதிகம், செலவு குறைவு. ஹாலஜன் பல்பில் வோல்ட்டேஜ் கொஞ்சம் இறங்கினால் வெளிச்சம் நிறைய இறங்கும், ஏறக்குறைய 3.4ஆம் அடுக்கில். வோல்ட்டேஜ் 5% குறைந்தால் வெளிச்சம் 16% போச்சு. 10% குறைந்தால் 30%. எச்4 பல்பின் லோ பீம் 13.2 வோல்ட்டில் 1000 லூமன், ஹை பீம் 1650 லூமன் என்பது தரக்கணக்கு. அதே பல்புக்கு 11.7 வோல்ட்தான் போய்ச் சேர்கிறது என்றால் லோ பீம் 660 லூமன் பக்கம் நின்றுவிடும். மூன்றில் ஒரு பங்கு ஒயரிலேயே காலி. நிறமும் வெள்ளையிலிருந்து செம்மஞ்சளுக்கு மாறும்.

ஏன் இவ்வளவு இறங்குகிறது? அந்தக் காலத்துக் கார்கள் பலவற்றில் ஹெட்லைட் கரன்ட் முழுக்க பேட்டரியிலிருந்து ஃப்யூஸ் பாக்ஸ், அங்கிருந்து ஸ்டீயரிங் பக்கத்து சுவிட்ச், டிம்–பிரைட் கான்டாக்ட், திரும்ப முன்பக்கம் டூம் என்று சுற்றி வருகிறது. ஐந்தாறு மீட்டர் ஒயர். 1 ஸ்கொயர் எம்எம் செம்பு ஒயருக்கு மீட்டருக்குச் சுமார் 18 மில்லிஓம் தடை. இரண்டு லோ பீமும் சேர்ந்து 9 முதல் 10 ஆம்பியர் இழுக்கும். ஒயரில் மட்டுமே 0.8, 0.9 வோல்ட் போகிறது. இதோடு கருத்துப்போன சுவிட்ச் கான்டாக்ட், பச்சை பூத்த கப்ளர் (ஒயரைப் பல்போடு இணைக்கும் பிளக்), துருப்பிடித்த எர்த் போல்ட். சில மாடல்களில் கம்பெனியே ரிலே (சின்னக் கரன்ட்டால் பெரிய கரன்ட்டைத் திறந்து மூடும் சுவிட்ச்) வைத்திருக்கும். லைட்டைப் போடும்போது ஃப்யூஸ் பாக்ஸ் பக்கம் 'டிக்' என்று கேட்டால் ரிலே இருக்கிறது. இருந்தாலும் அளந்து பாருங்கள், பழைய ரிலேவின் கான்டாக்ட்டும் தேயும்.

அளக்கும் முறையில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். கப்ளரைக் கழற்றி மீட்டர் முனையை உள்ளே வைத்து, '12.6 காட்டுகிறது, ஒயர் நன்றாக இருக்கிறது' என்று முடிவு கட்டுவார்கள். பல்பு கழன்றிருக்கும்போது கரன்ட் ஓடாது. கரன்ட் ஓடாதபோது எவ்வளவு கெட்ட ஒயரும் முழு வோல்ட்டேஜைக் காட்டும். பல்பு மாட்டியிருக்க வேண்டும், எரிய வேண்டும். கப்ளரின் பின்பக்கம், ஒயர் நுழையும் துளை வழியாகக் குண்டூசியைச் செருகி அதில் மீட்டரை வையுங்கள். எஞ்சின் 1500 ஆர்பிஎம்மில் ஓடட்டும்.

முதலில் பேட்டரி முனைகளுக்கு நடுவே அளங்கள். 13.8 முதல் 14.4 வரை இருக்க வேண்டும். 13-ஐத் தொடவில்லை என்றால் பெல்ட் தளர்வு, ஆல்டர்னேட்டர் கார்பன் பிரஷ் தேய்மானம், ரெகுலேட்டர் என்று அந்தப் பக்கம் போங்கள். 14.7-ஐத் தாண்டினாலும் ரெகுலேட்டர்தான், பல்பு சீக்கிரம் சீக்கிரமாகப் போவதற்கும் அதுவே காரணம். அடுத்து, மீட்டரின் சிவப்பு முனை பேட்டரி பிளஸ்ஸில், கறுப்பு முனை பல்பின் லோ பீம் முனையில். மீட்டர் காட்டும் இந்த அளவுதான் பிளஸ் பக்கத்து இழப்பு. 0.3 வோல்ட்டுக்குள் இருந்தால் தொட வேண்டாம், 0.5-ஐத் தாண்டினால் வேலை இருக்கிறது. பிறகு பல்பின் எர்த் முனைக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவே. 0.1 வோல்ட் நல்லது, 0.2-க்கு மேல் போனால் எர்த்தைக் கவனிக்க வேண்டும்.

எர்த் வேலை அரை மணி நேரம்தான். டூமுக்குப் பக்கத்தில் பாடியில் முறுக்கியிருக்கும் போல்ட்டைக் கழற்றி, திம்பிளையும் (ஒயர் முனையில் நசுக்கிய உலோக முனை) தகட்டையும் எமரியால் பளபளவென்று வெறும் இரும்பு தெரியும்வரை தேய்த்து, பல் வாஷர் வைத்து இறுக்கி, மேலே வாஸலின் பூசிவிடுங்கள். வாஸலின் இறுக்கியபின் பூசுவது, முன்னால் அல்ல. பேட்டரி மைனஸிலிருந்து பாடிக்கும் எஞ்சினுக்கும் போகும் பட்டை ஒயரின் இரண்டு முனையையும் அதே சூட்டில் பார்த்துவிடுங்கள். சான் ஸ்டார்ம் மாதிரி ஃபைபர் பாடி வண்டி என்றால் பாடியில் எர்த் கிடையாது, டூமிலிருந்து பேட்டரி மைனஸ் வரைக்கும் தனிக் கறுப்பு ஒயர் இழுத்தாக வேண்டும். உண்மையில் இரும்பு பாடியிலும் அப்படி இழுப்பதே நல்லது. ஐப்பசி, கார்த்திகை மழை இரண்டு வருஷம் பார்த்த போல்ட்டை நம்ப முடியாது.

பிளஸ் பக்கத்துக்கு மருந்து ரிலே ஹார்னஸ், அதாவது பேட்டரியிலிருந்து ரிலே வழியாக நேரே பல்புக்குப் போகும் தனி ஒயர் கட்டு. ரெடிமேடாகக் கிடைக்கும், ஆனால் மலிவானவற்றில் ஒயர் மெல்லியது. உறை தடிமனாக இருக்கும், உள்ளே செம்பு நாலு நார்தான் இருக்கும். வெட்டிப் பார்த்து வாங்க முடியாத பொருளை விட நாமே கட்டுவது மேல். தேவையானவை: 12 வோல்ட் 30 அல்லது 40 ஆம்பியர் நான்கு பின் ரிலே இரண்டு, அவற்றுக்கான சாக்கெட், பிளேடு ஃப்யூஸ் ஹோல்டர் இரண்டு, 20 ஆம்பியர் ஃப்யூஸ் நான்கு (இரண்டு ஸ்பேர்), பீங்கான் எச்4 ஹோல்டர் இரண்டு, எச்4 ஆண் கப்ளர் ஒன்று, 2.5 ஸ்கொயர் எம்எம் ஆட்டோ ஒயர் சிவப்பு 6 மீட்டர், கறுப்பு 3 மீட்டர், 1 ஸ்கொயரில் 2 மீட்டர், செம்புத் திம்பிள்கள், ஹீட் ஷ்ரிங்க், நெளி குழாய். வீட்டு வயரிங்குக்கு வாங்கி மிச்சமிருக்கும் ஒயரைப் போடாதீர்கள். பெரும்பாலும் 70 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும் உறைதான் அதற்கு. சித்திரை வெயிலில் வேலூர் டிராஃபிக்கில் நின்ற காரின் பானெட்டுக்குள், ரேடியேட்டர் ஓரமாகப் போகும் ஒயருக்கு அது பத்தாது.

ரிலேயின் அடியில் நான்கு எண்கள் இருக்கும்: 30, 87, 85, 86. பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஃப்யூஸ் வழியாக 30-க்கு தடித்த ஒயர். ஃப்யூஸ் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். அதற்கு அப்பால் ஒயர் எங்கே உராய்ந்து ஷார்ட் ஆனாலும் ஃப்யூஸ் போகும். ஃப்யூஸுக்கு முன்னால் உராய்ந்தால் நெருப்புதான். 87-லிருந்து இரண்டு டூமின் லோ பீம் முனைக்கும் தனித்தனித் தடித்த ஒயர். 86-க்கு பழைய கப்ளரிலிருந்து லோ பீம் ஒயர், 85 எர்த்துக்கு. இரண்டாவது ரிலே இதே மாதிரி ஹை பீமுக்கு. பழைய ஒயரில் இனி ரிலே காயிலுக்கான சொற்பக் கரன்ட்தான் ஓடும், கால் ஆம்பியர்கூட வராது. சுவிட்சின் ஆயுசும் கூடும். லோவுக்கும் ஹைக்கும் தனி ஃப்யூஸ் வைப்பதற்குக் காரணம், ஏலகிரி வளைவில் ஒன்று போனாலும் இன்னொன்று எரிய வேண்டும் என்பதுதான்.

பழைய ஒயரை எங்கேயும் வெட்டாதீர்கள். ஒரு பக்க டூமின் பழைய கப்ளரில் நம் ஆண் கப்ளரைச் செருகினால் சிக்னல் வந்துவிடும். மறுபக்கத்துப் பழைய கப்ளரைப் பிளாஸ்டிக் உறை போட்டுக் கட்டி ஒதுக்கிவிடலாம். என்றைக்காவது ஹார்னஸ் கைவிட்டால் இரண்டு நிமிடத்தில் பழையபடி மாட்டி வீடு சேரலாம். ரிலேயை முனைகள் கீழே பார்க்கும்படி மாட்டுங்கள், தலைகீழாக மாட்டினால் சாக்கெட் தண்ணீர்க் கிண்ணமாகிவிடும். திம்பிளை பிளையரால் நசுக்குவது வேலைக்கு ஆகாது, கிரிம்பிங் டூல் வேண்டும். நசுக்கியபின் ஒயரைப் பலமாக இழுத்துப் பாருங்கள். வந்தால் இப்போதே வரட்டும்.

ஒரு பெரிய பொறி இங்கே இருக்கிறது. ஜப்பானியப் பூர்வீகமுள்ள வண்டிகள் பலவற்றில் ஹெட்லைட் சுவிட்ச் பிளஸ்ஸை மாற்றுவதில்லை, மைனஸை மாற்றுகிறது. பல்பின் பொது முனைக்குப் பிளஸ் வரும், லோ, ஹை ஒயர்களை சுவிட்ச் எர்த்தோடு சேர்க்கும். மேலே சொன்ன இணைப்பை அப்படியே இந்த வண்டியில் கொடுத்தால் ரிலே இழுக்காது, அல்லது பொது முனையின் பிளஸ் நேராக எர்த்துக்குப் போய் ஃப்யூஸ் போகும். கண்டுபிடிக்க: கப்ளரைக் கழற்றி, லைட்டை லோவில் போட்டு, மீட்டர் கறுப்பு முனையைப் பேட்டரி மைனஸில் வைத்து, கப்ளரின் மூன்று முனையையும் சிவப்பால் தொடுங்கள். லோ முனையில் 12 வோல்ட் வந்து பொது முனை எர்த்தாக இருந்தால் சாதாரண வகை. பொது முனையில் 12 வோல்ட் வந்தால் மைனஸ் சுவிட்ச் வகை. அப்படியானால் இரண்டு ரிலேயின் 86-ஐயும் அந்தப் பொது பிளஸ்ஸுக்குக் கொடுத்து, லோ ரிலேயின் 85-ஐ லோ ஒயருக்கும், ஹை ரிலேயின் 85-ஐ ஹை ஒயருக்கும் கொடுங்கள். ரிலே காயிலைப் பாடிக்கு எர்த் செய்யவே கூடாது. 30, 87 பக்கம் எதுவும் மாறாது. ரிலேக்குள் டயோடு இருக்கிறது என்று மேலே படம் போட்டிருந்தால் 85, 86 இடம் மாறக் கூடாது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹோல்டரைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய பிளாஸ்டிக் ஹோல்டரைத் திருப்பிப் பாருங்கள். ஒரு துளையைச் சுற்றி மட்டும் பிளாஸ்டிக் பழுப்பாகி, ஓரம் நொறுங்கி, உள்ளே செம்பு நிறம் நீலம் பாய்ந்திருந்தால் அந்தப் பின் தளர்ந்துவிட்டது. 5 ஆம்பியர் ஓடும் இடத்தில் 0.2 ஓம் தடை இருந்தால் 5 வாட் சூடு அந்தச் சின்ன உலோகத் துண்டிலேயே இறங்குகிறது. சூடேறினால் பின் இன்னும் தளரும், தளர்ந்தால் இன்னும் சூடேறும். 100/90 வாட் பல்பு போட்டவர்களின் ஹோல்டர் உருகுவது இந்த வழியில்தான். பின்னை அழுத்திவிட்டுத் திரும்பப் போடாதீர்கள், ஹோல்டரையே மாற்றுங்கள்.

இப்போது மறுபடியும் அளங்கள். பேட்டரியில் 13.8 என்றால் பல்பில் 13.4-க்குக் குறையக் கூடாது. அந்த ராத்திரியே வித்தியாசம் தெரியும்.

அடுத்தது மஞ்சள் கண்ணாடி. நகத்தால் தட்டிப் பாருங்கள். கண்ணாடி என்றால் கணீரென்று கேட்கும், மஞ்சளாகாது. அந்த மாதிரிப் பழைய டூம்களில் மங்கலுக்குக் காரணம் உள்ளே ரிஃப்ளெக்டர். உங்களுடையது பாலிகார்பனேட். கம்பெனி அதன்மேல் புறஊதாக் கதிரைத் தடுக்கும் மெல்லிய பூச்சு கொடுத்திருக்கும். நம் ஊர் வெயிலில் நிழலில்லாமல் நிற்கும் காரில் அந்தப் பூச்சு வெடித்து உரிந்து, அடியிலுள்ள பிளாஸ்டிக் மஞ்சளாகிறது. பேஸ்ட் போட்டுத் தேய்த்தால் அன்றைக்குப் பளிச்சென்று இருக்கும், ஆனால் பூச்சு இல்லாத பிளாஸ்டிக் வெயிலில் சில வாரங்களிலேயே திரும்பவும் மஞ்சள். எனவே வேலை இரண்டு: கெட்ட பூச்சை மொத்தமாக எடுப்பது, புதுப் பூச்சு போடுவது. இரண்டாவதைச் செய்ய மனமில்லை என்றால் முதலாவதைத் தொடாதீர்கள்.

டூமைக் கழற்றிச் செய்வது நல்லது. முடியாவிட்டால் சுற்றியுள்ள பெயின்ட்டை மூன்று அடுக்கு மாஸ்க்கிங் டேப்பால் மூடுங்கள். 800 வாட்டர் பேப்பரில் தொடங்குங்கள். தண்ணீரில் கால் மணி ஊறவைத்து, ஒரு சொட்டு ஷாம்பு விட்டு, ரப்பர் பிளாக்கில் சுற்றி, ஒரே திசையில் இடவலமாகத் தேய்க்க வேண்டும். முதலில் வழியும் தண்ணீர் மஞ்சளாக வரும், பிறகு பால் மாதிரி வெள்ளையாக மாறும். முழுப்பரப்பிலும் வெள்ளையாக வந்தால் பழைய பூச்சு போய்விட்டது என்று அர்த்தம். துடைத்துக் காயவிட்டுப் பார்த்தால் எங்காவது பளபளப்பான தீவுகள் தெரியும், அங்கே பழைய பூச்சு இன்னும் இருக்கிறது. அதை விட்டுவிட்டு மேலே கிளியர் (புதுப் பூச்சாகப் போடும் நிறமற்ற வார்னிஷ்) அடித்தால் வரைபடம் போட்ட மாதிரி விளிம்பு தெரியும். பிறகு 1000, மேலும் கீழுமாக. பிறகு 1500, மறுபடி இடவலமாக. ஒவ்வொரு தாளும் முந்தைய தாளின் கோடுகளை முழுக்க அழித்தபின்தான் அடுத்தது. நடுவே பக்கெட் தண்ணீரை மாற்றுங்கள், 800-இன் ஒரு துகள் தங்கினாலும் 1500 கட்டத்தில் நீளக் கோடு விழும்.

கிளியர் அடிக்கப் போகிறீர்கள் என்றால் 1500-இலோ 2000-இலோ நிறுத்திவிடலாம். பாலீஷ் தேவையில்லை, அந்தச் சொரசொரப்பில்தான் கிளியர் பிடிக்கும். ஐசோப்ரோபைல் ஆல்கஹாலால் துடையுங்கள். தின்னர், பெட்ரோல், அசிட்டோன் எதுவும் பாலிகார்பனேட்டின் பக்கம் வரக் கூடாது, உள்ளுக்குள் சிலந்திவலை மாதிரி விரிசல் ஓடிவிடும், அதற்குப் பிறகு டூமை மாற்றுவது ஒன்றே வழி. ஹார்ட்னர் கலக்கும் 2கே கிளியர்தான் வருஷக்கணக்கில் நிற்கும், சாதாரண ஸ்ப்ரே டப்பா கிளியர் அந்த அளவுக்குத் தாங்காது. ஆனால் 2கே ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது. துணியைக் கட்டிக்கொண்டு அடிக்கக் கூடாத பொருள் அது, நுரையீரலைக் கெடுக்கும். சரியான வடிகட்டி மாஸ்க்கும் காற்றோட்டமும் இல்லை என்றால் தேய்க்கும் வேலையை நீங்கள் முடித்து, டூமை டிங்கரிங் ஷெட்டில் கொடுத்து கிளியர் மட்டும் அடித்து வாங்குங்கள். இதுதான் என் சிபாரிசும். அவர்களுக்கு அது பத்து நிமிட வேலை. நீங்களே அடிப்பதானால் காலை ஏழு மணிக்குள் முடியுங்கள். மதிய வெயிலில் துளி காற்றிலேயே காய்ந்து, பரப்பில் மணல் தூவிய மாதிரி உட்காரும். மெல்லிசாக ஒரு கோட், பத்து நிமிடம் விட்டு நனையும்படி இன்னொரு கோட். ஒரு நாள் முழுக்கத் தூசி படாமல் காயட்டும், ஒரு வாரத்துக்கு பிரஷர் வாஷ் வேண்டாம்.

டூம் கையில் இருக்கும்போதே உள்ளே பாருங்கள். பல்பைக் கழற்றி டார்ச் அடித்தால் ரிஃப்ளெக்டர் முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரித் தெரிய வேண்டும். பல்பைச் சுற்றிச் சாம்பல் பூத்தோ, தோல் உரிந்தோ இருந்தால் அந்த டூம் முடிந்தது. மேலே எவ்வளவு தேய்த்தாலும் பயனில்லை. அலுமினியம் வெற்றிட முறையில் படிந்த மிக மெல்லிய படலம் அது, துணியால் ஒரு தடவை துடைத்தால்கூட வந்துவிடும். தூசி இருந்தால் இரண்டு சொட்டு சோப்பு கலந்த தண்ணீரை உள்ளே விட்டுக் குலுக்கி ஊற்றி, பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரால் அலசி, நிழலில் கவிழ்த்துவையுங்கள். வெள்ளி ஸ்ப்ரே பெயின்ட் அடிப்பது வீண். பார்வைக்கு மின்னும், ஆனால் வெளிச்சத்தைச் சிதறடிக்கும், பீம் உருவாகாது. குரோம் பிளேட்டிங்கும் வேண்டாம். அலுமினியம் 90% பக்கம் திருப்பி அனுப்பும் இடத்தில் குரோம் 65% பக்கம்தான் அனுப்பும். மாற்று டூம் கிடைத்தால் மாற்றுங்கள்.

டூமுக்குள் வேர்ப்பதற்குப் பெரும்பாலும் காரணம் பின்பக்க ரப்பர் மூடி இறுகிப்போனது, அல்லது டூமுக்குள் காற்று போய்வரும் மூச்சுக்குழாய் தூசியால் அடைத்தது. ரப்பரை மாற்றி, குழாயைச் சுத்தம் செய்தாலே நின்றுவிடும். மூச்சுக்குழாயைச் சிலிக்கான் போட்டு அடைப்பதுதான் எல்லாரும் செய்கிற தவறு. சூட்டில் விரிந்த காற்று வெளியேற வழியில்லாமல், குளிரும்போது விளிம்புப் பிளவுகள் வழியாக ஈரத்தை உள்ளே இழுக்கும்.

இப்போது பல்புக்கு வரலாம். நல்ல கம்பெனியின் சாதாரண 60/55 வாட் போதும். கூடுதலாகச் செலவழிக்க நினைத்தால் பிலிப்ஸ், ஆஸ்ராம் ஆகியோரின் அதிக வெளிச்ச ரகம். வாட் அதேதான், இழை கச்சிதமாக இருப்பதால் பீமின் நடுப்பகுதி கூர்மையாக விழும். விலை கூடுதல், ஆயுசு குறைவு, இரண்டையும் தெரிந்து வாங்குங்கள். நீலப் பூச்சு பல்பு வேண்டவே வேண்டாம், அந்தப் பூச்சு வெளிச்சத்தில் ஒரு பகுதியைத் தானே தின்றுவிடும். பல்பின் கண்ணாடியில் விரல் படக் கூடாது, பட்டால் ஸ்பிரிட்டால் துடைத்து மாட்டுங்கள்.

எல்இடி ஏன் வேண்டாம் என்பதற்குக் காரணம் பல்பின் உள்ளே இருக்கிறது. எச்4-இல் இரண்டு இழை. லோ பீம் இழையின் அடியில் சின்ன உலோகக் கிண்ணம் ஒன்று உண்டு. ரிஃப்ளெக்டரின் கீழ்ப்பாதிக்கு வெளிச்சம் போகாமல் அது தடுப்பதால்தான் சுவரில் மேலே இருட்டு, கீழே வெளிச்சம் என்று கோடு விழுகிறது, இடதுபக்கம் மட்டும் 15 டிகிரியில் மேலே ஏறுகிறது. இழையின் இடம் அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலே அந்தக் கோடு கலையும். எல்இடி பல்பில் தகட்டின் இரண்டு பக்கமும் சில்லு ஒட்டியிருக்கும், நடுவே தகட்டின் தடிமன். ரிஃப்ளெக்டர் எதிர்பார்க்கும் வடிவம் அதில்லை. கார் முன்னால் தரை வெள்ளை வெளேரென்று தெரியும், ஓட்டுபவருக்குத் திருப்தியாகவும் இருக்கும். ஆனால் 60 மீட்டர் தள்ளி விழ வேண்டிய வெளிச்சம் பக்கத்திலேயே கொட்டுகிறது, மிச்சம் எதிரே வருபவர் கண்ணில் போகிறது. பக்கத்துத் தரை பளிச்சென்று இருந்தால் கண்மணி சுருங்கி, தூரத்தில் சாலையோரம் நடப்பவர் இன்னும் தெரியாமல் போவார். சாதாரண டூமில் எச்ஐடி இதைவிடக் கொடுமை.

உண்மையான அப்கிரேடு வேண்டும் என்றால் வழி ஒன்று: டூமைச் சூடாக்கிப் பிரித்து, லோ–ஹை இரண்டும் உள்ள 2.5 அங்குல எல்இடி புரொஜெக்டரை உள்ளே பொருத்துவது. அதற்குத் தன் லென்ஸும் தன் தடுப்புத் தகடும் இருப்பதால் கோடு சுத்தமாக விழும். பியூட்டைல் பசை என்றால் 90, 100 டிகிரியில் பத்துப் பதினைந்து நிமிடத்தில் இளகும். இறுகிய பசை போட்ட பழைய டூம்கள் உடையவும் வாய்ப்பு உண்டு. ஸ்பேர் டூம் இல்லாமல் இறங்காதீர்கள். வாங்கினால் 4300 கெல்வின் பக்கம் உள்ள நிறத்தை வாங்குங்கள்.

எல்லாம் முடிந்தபின் கோணம். இதைச் செய்யாமல் விட்டால் மேலே செய்தது பாதிதான் பலன் தரும். சமதளமும் எதிரே சுவரும் வேண்டும். கல்யாண மண்டபங்களின் சிமென்ட் பார்க்கிங் வசதி. தளம் சமமா என்று கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவலால் பார்த்துக்கொள்ளலாம். டயர் காற்று சரியாக, டாங்க் பாதி, டிரைவர் சீட்டில் ஒருவர் உட்கார, லெவலிங் நாப் (உள்ளிருந்தே பீமை ஏற்றி இறக்கும் திருகு) இருந்தால் பூஜ்யத்தில். டூமிலிருந்து சுவர் 10 மீட்டர். பல்பின் நடு உயரத்தைத் தரையிலிருந்து அளந்து, சுவரில் அதே உயரத்தில் டேப் ஒட்டி, அதற்கு 10 சென்டிமீட்டர் கீழே இன்னொரு டேப். ஒரு டூமைத் துணியால் மூடி மற்றதன் வெட்டுக் கோட்டை (மேல் இருட்டும் கீழ் வெளிச்சமும் பிரியும் கோடு) கீழ் டேப்பில் உட்கார வையுங்கள். மேலேறும் முனை பல்பின் நேர் முன்னால் தொடங்கி இடதுபக்கம் ஏற வேண்டும். வலதுபக்கம் ஏறினால் அது வெளிநாட்டு டூம், நம் சாலைக்கு ஆகாது. ஹை பீம் தானாகவே சேர்ந்து சரியாகும்.

10 மீட்டருக்கு 10 சென்டிமீட்டர் என்பது 1% சரிவு. டூம் 65 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால் கோடு 65 மீட்டரில் தரையைத் தொடும். அதே டூம் 2.5% குனிந்திருந்தால் 26 மீட்டர்தான். மணிக்கு 80 கிலோமீட்டரில் கார் விநாடிக்கு 22 மீட்டர் போகிறது. நீங்கள் பள்ளிகொண்டாவில் பார்க்கும் இருட்டில் ஒரு பங்கு இதுவாகவும் இருக்கலாம். ஸ்பிரிங்கை வெட்டி முன்பக்கம் இறக்கிய வண்டியிலும் இதே குனிவு வரும், பின்பக்க ஸ்பிரிங் தொய்ந்த வண்டியில் நேர்மாறாகப் பீம் எழும்பி எதிரே வருபவரைத் தாக்கும். திருகைத் திருப்பியும் டூம் அசையவில்லை என்றால் பின்னால் பிளாஸ்டிக் குமிழ் உடைந்திருக்கும், அது தனியாகவும் கிடைக்கும்.

சட்டப் பக்கமும் இதோடு சேர்கிறது. 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 106ஆம் விதிப்படி, 8 மீட்டர் முன்னால் 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணைக் கூசச் செய்யும் லைட் கூடாது. சொந்தக் காருக்கு ஆர்சி 15 வருஷம், அதன்பின் ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். 2003-இல் பதிவான வண்டி 2028-இல் மறுபடி ஆர்டிஓ ஆய்வுக்குப் போகும். சரியான கோணத்தில் 60/55 வாட் பல்பு எரியும் டூமுக்கு அங்கே கேள்வி வராது. ரிலே ஹார்னஸுக்கும் வராது, பல்பும் பீமும் மாறவில்லையே.

வேலையை எந்த வரிசையில் எடுப்பது என்றால், ஒரு ஞாயிற்றுக்கிழமை அளவும் எர்த்தும், அடுத்த வாரம் ஹார்னஸ், அதற்கடுத்து டூமைக் கழற்றித் தேய்ப்பதும் கோணமும். ஹார்னஸ் போட்ட முதல் வாரத்தில் அரை மணி லைட் எரிந்தபின் ரிலே, ஃப்யூஸ் ஹோல்டர், பல்பு ஹோல்டர் ஒயர் மூன்றையும் கையால் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு சரி. கையை வைக்க முடியாத அளவுக்கு ஏதாவது ஒரு இடம் மட்டும் சுட்டால், அந்தத் திம்பிளை வெட்டிவிட்டுப் புதிதாக அடியுங்கள். முதல் பெருமழைக்குப் பிறகு எர்த் இழப்பை மட்டும் இன்னொரு தடவை அளந்துவிடுங்கள்.